கையை விடு

பணகுடிக்குத் தெற்கே நாற்பத்தேழாம் எண் காற்றாலை.
ஆடி மாதம். விடியலில் மட்டும் காற்று
கொஞ்சம் நாக்கைச் சுருட்டிக்கொள்ளும்.
அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்
இறக்கையில் விழுந்த கீறலைப் பார்த்துவிட வேண்டும்.

பாளையங்கோட்டையில், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்,
கண்ணாடிப் பெட்டிக்குள் என் மகள் கிடக்கிறாள்.
எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம்.
இன்னும் பெயர் இல்லை.
'குணசீலி பேபி' என்று காலில் ஒட்டியிருக்கிறார்கள்.

பதினொரு ராத்திரி
கதவுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
அவள் தலைமாட்டில் ஓடும் பச்சை எண்ணைப் பார்த்தேன்.
தொண்ணூற்றிரண்டு. தொண்ணூறு. எண்பத்தெட்டு.
நான் கண்ணை எடுத்தால் அது விழுந்துவிடும்.
அதைத் தூக்கிப் பிடித்திருந்ததே
என் இமைகள்தான்.

நேற்று இரவுப் பணிக்கு வந்த நர்ஸ்,
சாத்தான்குளத்துப் பிள்ளை, ஜாய்லின் என்று பெயர்,
'அண்ணே, நீங்க முழிச்சிருந்தாலும்
மூச்சை அவதான் விடணும். போய்ப் படுங்க' என்றாள்.
நான் படுக்கவில்லை.
வள்ளியூர் பஸ் ஏறினேன்.

ஜெபமா? செய்யாமல் என்ன.
முதல் நாள் கேட்டேன்.
இரண்டாம் நாள் அழுதேன்.
மூன்றாம் நாள் பேரம்:
கோயிலுக்கு ஒரு ஜெனரேட்டர்,
சிகரெட்டை விட்டுவிடுகிறேன்,
மச்சினனோடு பேசிவிடுகிறேன்.
அப்புறம், அசனப் பந்தியில் வாளியோடு அலைகிறவனை
நின்ற இடத்திலிருந்தே விரட்டுகிற கமிட்டி மெம்பர் மாதிரி
ஆண்டவரையே விரட்டத் தொடங்கினேன்:
அங்கே பாரும், இங்கே பாரும்,
அந்தக் குழாயைக் கவனியும், மறந்துவிடாதேயும்.
பிறகு வார்த்தையும் தீர்ந்துபோனது.

எண்பது மீட்டர்.
மேற்கே மகேந்திரகிரி, மஞ்சு மூடி.
கிழக்கே கடல் ஒரு தகரத் தகடு.
கீழே உடைமரங்களுக்கு நடுவே
ஏதோ ஓர் ஊர்க் கோயிலின் கோபுரம், ஊசி போல.

கயிற்றில் இறங்கினேன்.

இந்த வேலைக்கு வருகிற எல்லோருக்கும்
முதல் வாரம் ஒரு வியாதி உண்டு.
இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் இரண்டு கயிறு,
ஆனாலும் கை ஏணியை விடாது.
ஏணியைப் பிடித்திருப்பவனைக் கயிறு தாங்குவதில்லை.
தாங்க மனமில்லாமல் அல்ல,
அவன் எடை இன்னும் அதனிடம் வந்து சேரவில்லை.

எனக்கு இது எட்டாவது வருஷம்.
இன்றைக்குப் பார்க்கிறேன்,
இடது கை இறக்கையின் விளிம்பைக் கவ்விக்கொண்டிருக்கிறது.
விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பாய் வெளுத்து.

விட்டேன்.
விசுவாசத்தால் என்று சாட்சி சொல்ல மாட்டேன்.
கை ஓய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

பெல்ட் தொடையை இறுக்கியது.
கயிறு ஒருமுறை முனகி நேரானது.
அறுபத்தெட்டு கிலோ,
கூடவே ஓர் எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம்,
மொத்தமும் போய் அதன்மேல் உட்கார்ந்தது.

'ஆண்டவரே, அவள் உம்முடைய...'
அதுவரைக்கும்தான் ஞாபகம்.

புயலில், படகின் பின்பக்கம்
தலையணை வைத்துத் தூங்கியவரை
உலுக்கி எழுப்பிய கூட்டத்தில்தான்
நான் எப்போதும் இருந்திருக்கிறேன்.
படகு மூழ்குகிறதே, உமக்குக் கவலையில்லையா என்று.
அவருக்குப் பக்கத்திலும் ஓர் ஆள் படுக்க
இடம் கிடந்ததை
யாரும் பார்க்கவில்லை போல.

'ஏல ஜெபசிங்கு! என்னல சத்தத்தையே காணோம்,
செத்துட்டியா?'
வாக்கி டாக்கியில் இசக்கிதுரை.
இருபது நிமிஷம் கூப்பிட்டிருக்கிறான்.
'தூங்கிட்டேன்' என்றேன்.
'எங்க?'
'இங்கதான்.'
அவன் சொன்ன கெட்ட வார்த்தை
இந்தக் கவிதைக்குள் வேண்டாம்.

போன் கீழே வேனில் கிடக்கிறது.
பச்சை எண் இப்போது என்ன, தெரியாது.
தெரியாமலே கீறலுக்கு டேப்பை வைத்தேன்.
பதினாலு சென்டிமீட்டர்.
எழுதிக்கொண்டேன்.

கணவாய்ப் பக்கம் காற்று எழும்புகிறது.
கயிறு மெல்ல ஆடுகிறது,
நானும்.